பதினெட்டுக் கிலோமீட்டர் நின்ற கதை

என் இடது பாதத்திலிருந்து ரத்தம் போவதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டின் ஓரம், முழங்கால் அளவுத் தண்ணீர். ஒன்பது கிலோமீட்டர் துடுப்புப் பலகையில் நின்றபடியே வந்துவிட்டு, திரும்புவதற்கு முன் கொஞ்சம் காலாற நிற்கலாமே என்று இறங்கியிருந்தேன். அங்கே வேர்களில் அப்பியிருக்கிற சிப்பி பிளேடு மாதிரி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் மிதித்ததும் தெரியவில்லை, கிழித்ததும் தெரியவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த ஒருவர், "டீச்சர், உங்களச் சுத்தி தண்ணி செவப்பா இருக்குது" என்றார். குனிந்து பார்த்தேன். அந்தக் கால் என்னுடையது என்றே நம்ப முடியவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து தையல் போட்டார்கள். ஊசி குத்தும்போது உணர்வு திரும்பியிருந்தது. சிப்பிக்கும் சேர்த்து அப்போது கத்தித் தீர்த்தேன்.

நான் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பதினேழு வருஷமாகத் தினமும் காலையில் மைக்கைப் பிடித்து "நேரா நில்லு" என்று அதட்டிச் சம்பளம் வாங்குகிறவள். நாற்பது வயதில் இந்தப் பலகைப் பைத்தியம் பிடித்தது. ஆளைவிட நீளமான, காற்றடித்த பலகை. அதன் மேல் நின்று, நீளத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களுக்குத் தலைவர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஏறி, உப்பங்கழி வழியாகப் பிச்சாவரம் போய்த் திரும்புவது எங்கள் குழுவின் நீண்ட ஓட்டம். பதினெட்டுக் கிலோமீட்டர். முழுக்க நின்றே முடிக்க வேண்டும். உட்கார்ந்தாலோ, மண்டியிட்டாலோ, கூடவே வரும் படகில் ஏறினாலோ அந்த ஓட்டம் கணக்கில் வராது. குழுவில் பெண்கள் யாரும் அதுவரை முடித்ததில்லை. நான் முடிப்பேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாய் எப்போதும் எனக்குக் காலைவிட முன்னால் போகும்.

தையல் போட்ட காலோடு வீட்டுக்குப் போனால், என் மாமியார் பார்த்த முதல் பார்வையிலேயே வைத்தியம் முடித்துவிட்டார். "சக்கரதான். உணர்ச்சி இல்லன்னா சக்கரதான். எங்க பெரியம்மாவுக்கு இப்டித்தான் ஆரம்பிச்சிது." மறுநாளே ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். சர்க்கரை இல்லை. நரம்பிலும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அசையாமல் நின்றால் சிலருக்கு மரக்கும், நிற்கிற விதத்தைப் பாருங்கள் என்றார். நிற்கிற விதத்தைப் பற்றி எனக்கே புத்தி சொல்கிறாரே என்று கொஞ்சம் கோபம் வந்தது. குறை பலகையில்தான் என்று முடிவு செய்தேன். அடுத்த முயற்சிக்கு முன்னால் பலகை மேல் இன்னொரு மெத்தை ஒட்டினேன். சிப்பிக்குப் பயந்து, காலைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு ரப்பர் ஷூ வாங்கினேன். மாசிக் கடைசியில் இரண்டாவது முறை ஏறினேன். ஆறாவது கிலோமீட்டரில் இரண்டு காலும் போயின. சுருண்டு விழுந்த என்னைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இந்த முறை என் வீட்டுக்காரரும் தன் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். இன்னொரு தடவை கால் மரத்தால் பலகையை விற்றுவிட வேண்டும், தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று தீர்ப்பு ஆனது. அவரையும் குறை சொல்ல முடியாது. உணர்வில்லாத காலோடு ஆழத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பங்குனியில் கடைசியாக ஒரு ஓட்டம் பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும்.

அண்ணி உள்ளே வந்தது இந்த இடத்தில்தான். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா, எனக்கு நாத்தனார். என்னைவிட நாலு வயது பெரியவர். நாத்தனாரைப் பற்றி ஒருத்தி நல்லபடியாக எழுதினால் நாத்தனார் போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் இல்லை. நன்றாக இருக்கிறார், போன வாரம்கூட வந்து என் காரக்குழம்பில் புளி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார். சிதம்பரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், இரண்டாவது மாடியில் பட்டுச் சேலைப் பிரிவில் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது "எங்க வேல பாக்குறீங்க?" என்று கேட்டால் "கடையில" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். நாங்களும் அதற்கு மேல் கேட்டதில்லை. டிகிரி படித்த மகன், டீச்சர் மருமகள் என்று என் மாமியார் ஊருக்குச் சொல்லும் பட்டியலில் அண்ணியின் வேலை வராது. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. அன்று செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பலகையை மாடிப்படிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். பலகை சரியில்லை, மெத்தை சரியில்லை, ஷூ சரியில்லை என்று நான் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே அதன் முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். பிறகு விரலால் தொட்டுக் காட்டினார். மெத்தையில், நான் நிற்கும் இடத்தில், இரண்டு பக்கமும் ஐந்தைந்து குழிகள். ஷூவையும் மீறி என் கால் விரல்கள் பதிந்த குழிகள். குதிகால் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தடயமும் இல்லை.

"இன்னா டீச்சர் இது, வரப்புல நடக்குற மாதிரி கவ்விப் புடிச்சிருக்க? கீரப்பாளையத்துக் காலு எங்க போனாலும் கீரப்பாளையத்துக் காலுதான்."

கேலிதான். ஆனால் சொன்ன மாத்திரத்தில் எனக்குள் ஏதோ இடறியது. நான் கீரப்பாளையத்தில் நெல் வயல்களுக்கு நடுவில் பிறந்தவள். சம்பா நடவு சமயத்தில் வரப்பு வழுக்கும். தலையில் சோற்றுக்கூடையோடு அதில் போக வேண்டுமென்றால் கால் விரல்களை மடக்கி மண்ணைக் கவ்வ வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது தானாக வரும். பத்து நிமிஷ வரப்புக்கு அது சரி. ஆடுகிற பலகையில் ஏறியதும் என் கால் அதை வரப்பு என்று நினைத்து, இரண்டரை மணி நேரம் விடாமல் கவ்விக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஒட்டிய கூடுதல் மெத்தை அது கவ்வுவதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் வரைக்கும் அண்ணி என்னை நிற்க வைத்தார். சமையலறைத் தரையில், ஒரு தலையணை மேல். தானும் பக்கத்தில் நின்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் கால் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பாராம். கல்யாண சீசனில் மூச்சுவிட நேரமில்லாமல் சேலை எடுத்துப் போடும் நாளில் கால் வலிக்குமே தவிர மரக்காதாம். மழைக்காலத்தில் ஆள் வராமல், கையைக் கட்டிக்கொண்டு பத்து மணி நேரம் நிற்கும் நாளில்தான் மரத்துப் போகுமாம். "வேல இருக்கறப்ப காலு சாவாதும்மா. சும்மா நிக்கறப்பதான் சாவும். அதனால நானா ஒரு வேல வச்சிக்கிட்டேன். ஆளு இல்லன்னாலும் கஸ்டமர் வந்த மாதிரி" என்றார்.

செய்து காட்டினார். மேல் தட்டில் இருக்கிற சேலையை எடுக்கிற மாதிரி இரண்டு குதிகாலையும் உயர்த்தி இறக்கினார். கீழ்த்தட்டுக்குக் குனிகிற மாதிரி முட்டியை மடித்து நிமிர்ந்தார். முந்தானையை விரித்துக் காட்டுகிற மாதிரி ஒரு காலை அரை அடி முன்னால் வைத்து, பாரத்தை அதில் போட்டு, மறுபடி மற்றக் காலுக்கு மாற்றினார். ஒவ்வொரு கஸ்டமருக்கும் நடுவில் பத்து விரலையும் நன்றாக விரித்து ஆட்டிவிட வேண்டும். சேலைக்குள்ளே நடப்பதால் சூப்பர்வைசர் கண்ணுக்குப் படாது என்று சொல்லிச் சிரித்தார். நான் காலேஜில் மூன்று வருஷம் உடற்கல்வி படித்தவள். தசையின் பெயர், எலும்பின் பெயர் எல்லாம் மனப்பாடம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் நாத்தனார் தன் காலை வைத்துத் தானே கண்டுபிடித்திருக்கிறார்.

என் கணுக்காலில் பலகையோடு சேர்த்துக் கட்டும் கயிற்றைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இறுக்கினால் ரத்தம் எப்படி ஓடும் என்று திட்டினார். அதை முட்டிக்குக் கீழே, ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டச் சொன்னார். ரப்பர் ஷூவைக் கையில் எடுத்து, "இத எப்ப வாங்குன?" என்று கேட்டார். காலையில் கடை திறந்ததும் என்றேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். நாள் முழுக்க நின்ற கால் சாயங்காலம் வீங்கி ஒரு சைஸ் கூடியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் செருப்பு வாங்க வேண்டும் என்பது அவர்கள் கடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். அன்றைக்கே பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேரும் போய் ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கி வந்தோம். கூடுதல் மெத்தையை அவரே பிய்த்துப் போட்டார். போகும்போது என் மாமியாரிடம், "அவ போவட்டும்மா. நான் கூட போறேன். காலுக்கு நான் பொறுப்பு" என்றார். வாக்குக் கொடுத்த பிறகுதான் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்குத் தெரிந்தது. ஜவுளிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பது லேசான காரியம் இல்லை. பதினாறு வருஷத்தில் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். "பொய் எதுக்கு? தம்பி பொண்டாட்டி போட்டிக்குப் போறான்னு சொல்லிட்டன்" என்றார். எனக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது.

ஒரு மாதம் தினமும் சாயங்காலம் தேவனாம்பட்டினத்தில் பழகினேன். பழகியது துடுப்பை அல்ல, காலை. முட்டி இளகியிருந்தால் பலகை ஆடும்போது உடம்பு தானாகச் சேர்ந்து ஆடுகிறது, விரல் கவ்வ வேண்டியதில்லை என்று மெல்லப் புரிந்தது. பழைய புத்தி லேசில் போகவில்லை. ஒரு சின்ன அலை வந்தால் போதும், பத்து விரலும் கீரப்பாளையத்துக்கு ஓடிவிடும்.

பங்குனிக் கடைசி ஞாயிறு காலை வெள்ளாற்றில் இறங்கினோம். பலகையில் ஐந்து பேர். படகில் கேப்டன், ஓட்டுகிறவர், சுடிதார் போட்டுத் தலையில் துண்டு கட்டிய அண்ணி. ஏறுகிற தண்ணீர் எங்களைத் தள்ளிக்கொண்டு போக, பிச்சாவரம் வரைக்கும் நன்றாகவே போனேன். அங்கே இறங்கவில்லை. நின்றபடியே தண்ணீர் குடித்து, பலகையைத் திருப்பினேன். வற்றுகிற தண்ணீருக்காகச் சற்று நேரம் காத்திருந்து, அது எங்கள் பக்கம் இழுக்கத் தொடங்கியதும் கிளம்பினோம். பன்னிரண்டு தாண்டியது. காற்றும் பின்னாலிருந்து வந்தது. துடுப்பே போட வேண்டாம், பலகை தானாகப் போனது. நாரைகளைப் பார்த்துக்கொண்டு சுகமாக நின்றேன். அப்போது இடது காலின் சுண்டுவிரலைக் காணவில்லை. அடுத்தது பக்கத்து விரல்.

முந்தைய இரண்டு முறையும் இப்படித் தண்ணீர் சாதகமாக இழுத்த இடத்தில்தான் கால் போனது என்பது எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கஷ்டப்பட்டுத் துடுப்புப் போட்ட இடத்தில் எதுவும் ஆகவில்லை. புரிந்து என்ன பயன்? பயத்தில் மறுபடி கவ்வ ஆரம்பித்துவிட்டேன். பாதி பாதம் போய்விட்டது. படகைப் பார்த்தேன். கேப்டன் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, "ஏறிடறீங்களா டீச்சர்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி படகில் எழுந்து நின்றுவிட்டார். கழிமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"கஸ்டமர் வந்துட்டாங்க! மேல் தட்டு! அந்த அரக்கு கலர எடு!"

குதிகாலை உயர்த்தினேன். பலகை ஆடியது. "கீழ வை. இப்ப கீழ்த்தட்டு. குனி! வெரலு என்னா பண்ணுது? வுடு அத! வரப்பு இல்ல அது!" முட்டியை மடித்து நிமிர்ந்தேன். "முந்தானிய விரிச்சிக் காட்டு. அவுங்களுக்குப் புடிக்கல. அந்தப் பக்கம் காட்டு." வலது காலை முன்னால் வைத்தேன், பிறகு இடது. முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணி யாரையும் பார்க்கவில்லை, என் காலைத் தவிர. ஒரு குடும்பமே வந்து, அம்மாவுக்குப் பிடித்தது பெண்ணுக்குப் பிடிக்காமல், அத்தைக்குக் கரை பிடிக்காமல், நாற்பது சேலை இறக்கியிருப்பேன். பக்கத்து விரலில் முதலில் குறுகுறுப்பு வந்தது. அப்புறம் எறும்பு ஊறுகிற மாதிரி. அப்புறம் நல்ல வலி. அந்த வலி வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி விடவில்லை. அடுத்த ஐந்து கிலோமீட்டரும் அந்தக் கடைக்குக் கூட்டம் குறையவே இல்லை.

பரங்கிப்பேட்டைக் கரையில் சேற்றில் கால் வைத்தேன். சேறு சில்லென்று இருந்தது. அண்ணி படகிலிருந்து இறங்கி நேரே வந்து, குனிந்து என் ஷூவைக் கழற்றி, சுண்டுவிரலை நறுக்கென்று கிள்ளினார். "ஆ" என்று கத்தினேன். "போதும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டார். "முடிச்சிட்டாம்மா. காலு நல்லா இருக்குது. நான்தான் கிள்ளிப் பாத்தேனே."

கேப்டன் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். அண்ணி பழக்கத்தில், "பரவால்ல சார், நிக்கறேன்" என்றார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "நீங்க எங்கம்மா கோச்சிங் எடுத்தீங்க?" என்று கேப்டன் கேட்டார். கேலியில்லை, நிஜமாகத்தான் கேட்டார். பின்னங்கால் மரத்துப் போகும் தொல்லை அவருக்கும் உண்டு. தண்ணீருக்கு அடியில் இறக்கை வைத்த பலகை ஒன்று வைத்திருக்கிறார், வேகம் பிடித்தால் அது தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும். அதில் ஒரே நிலையில்தான் நிற்க வேண்டும். வழக்கம்போல "கடையில" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார் என்று நினைத்தேன். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிதம்பரத்துல ஜவுளிக்கட சார். பட்டு செக்‌ஷன். பதினாறு வருஷமா நிக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு, பறக்கிற பலகையில் எந்தக் காலை எங்கே வைப்பார் என்று அவரையே திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த பெருமை ஓட்டத்தை முடித்ததற்காக அல்ல. அது பாதிகூட இல்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் "நேரா நில்லு" என்று நான் சொல்வதில்லை. தலைமை ஆசிரியர் பேசும்போது ஷூவுக்குள் விரலை ஆட்டிக்கொண்டே இருங்கள், குதிகாலை ஏற்றி இறக்குங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மயங்கி விழுகிற பெண்கள் குறைந்திருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் வேலையோடு, கடையோடு, எத்தனையாவது மாடி என்பதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த ஓட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அண்ணியின் கடைக்குப் போனேன். பகல் மூன்று மணி, மாடியில் கூட்டமில்லை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அங்கேயும் முக்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் அட்டைப்பெட்டியும் காலிப் பைகளும் அடுக்கியிருந்தன. பெண்கள் வரிசையாகச் சுவரோரம் நின்றார்கள். சூப்பர்வைசர் கொஞ்ச தூரத்தில் நின்றார். அண்ணி என்னைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார். தன் பக்கத்து முக்காலியின் மேலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். சூப்பர்வைசர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். "இன்னாக்கா?" என்றார். "கஸ்டமர் வந்திருக்காங்க, அதான் உக்காந்து காட்டறேன்" என்றார் அண்ணி. அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் பதினேழு வருஷப் பார்வையைக் காட்டினேன். அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் சுவரோரம் இன்னொரு அட்டைப்பெட்டி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அண்ணி திரும்பிப் பார்க்காமல், எனக்கு எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டார்.